உள்ளங்கையில் சரஸ்வதி

(மைசூரில் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி சின்னது. ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பரிசு தரலாமா? ஆண்டு விழா மேடையில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாட்டு, நடனம், விளையாட்டுப் பரிசுகள் எல்லாம் முடிந்த பிறகு ஒலிபெருக்கியில் 'ஹண்ட்ரட் பர்சென்ட் அட்டெண்டன்ஸ்' என்று அறிவிப்பு வரும். நான்கைந்து பிள்ளைகள் வரிசையாக ஏறுவார்கள். ஒரு சான்றிதழ், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு போட்டோ. யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை என்றுதான் தோன்றும்.

தரக்கூடாது என்பது என் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பள்ளிக்கு வருவது முக்கியமில்லை என்று நான் சொல்லப் போகிறேன் என நினைத்துப் பின்வரிசையில் சிரிக்கும் தம்பிகள் ஏமாறப் போகிறார்கள்.

இந்தப் பழக்கம் ஏதோ இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் கொண்டுவந்த புதுமை என்று எண்ண வேண்டாம். நம் மாநிலத்திலேயே இதற்கு இருநூறு ஆண்டுச் சாட்சி இருக்கிறது. 1822இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று எழுதி அனுப்பும்படி கலெக்டர்களைக் கேட்டார். இன்று நம் மாநிலத்தில் உள்ள பல்லாரி அப்போது அந்த மாகாணத்தில் இருந்தது. அங்கே கலெக்டராக இருந்த ஏ.டி. காம்ப்பெல் தெலுங்குக்கு இலக்கணம் எழுதியவர். பட்டியலை நிரப்பி அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. 1823 ஆகஸ்ட் 17 அன்று அவர் அனுப்பிய அறிக்கையில், பள்ளிக்கூடத்தின் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது என்பதையும் எழுதி வைத்தார். காந்தியவாதி தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் அந்த அறிக்கை முழுதாக அச்சாகியிருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் வாத்தியார் சரஸ்வதியின் பெயரை எழுதுவார். அது மரியாதை. இரண்டாவதாக வரும் பிள்ளையின் கையில் ஒரு சுழி, அதாவது பூஜ்யம். புகழும் இல்லை, பழியும் இல்லை என்று அதற்குப் பொருள். மூன்றாவதாக வருபவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும்.

முப்பதாவதாக வரும் பிள்ளையின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை அந்தப் பிள்ளையும் போடும். கணக்கு வராத பிள்ளைகூட இதைச் சரியாகப் போட்டுவிடும். வழியில் முள் குத்தியோ, மாட்டைத் தண்ணீர் காட்டிக் கட்டிவிட்டு வந்ததாலோ நேரமாகிவிட்ட ஒரு பையனுக்குப் புத்தியுள்ள முடிவு என்ன? அன்று பள்ளிக்கே போகாமல் இருப்பது. தாமதத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, தாமதமானவனை வராமலே இருக்கச் சொல்லித் தருகிறது. வராமல் ஒளிந்தவனைத் தேடிப் பிடித்துவந்து என்ன செய்வார்கள் என்பது நம் தாத்தாக்களின் திண்ணைப் பள்ளிக் கதைகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இரண்டு கையையும் கயிற்றில் கட்டி மேலே தொங்கவிடும் கோதண்டம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. காம்ப்பெல் அதையும் பல்லாரியில் பார்த்து எழுதியிருக்கிறார்.

இன்றைக்கு அடி போய்விட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலுக்கோ மனத்துக்கோ துன்பம் தரும் தண்டனை எதுவும் கூடாது என்கிறது. பிரம்பை எடுத்துவிட்டோம், சரஸ்வதியை வைத்துக்கொண்டோம், அது நல்லதுதானே என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. ஜூலையில் மழை பிடிக்கிறது. ஒரு பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான், அந்த ஆண்டுக்கான நூறு சதவீதப் பரிசு அந்தப் பிள்ளைக்கு முடிந்தது. மீதி ஒன்பது மாதங்களுக்கு அந்தப் பரிசு அதனிடம் பேச எதுவும் இல்லை. ஊக்கம் தருவதற்கென்று வைத்த ஒன்று, வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ஆகஸ்டிலேயே செத்துப் போகிறது என்றால் அது யாருக்கு ஊக்கம்? எப்படியும் வரப்போகிற நான்கைந்து பேருக்கு.

காம்ப்பெல் அறிக்கையை விட்டுப் போகும் முன் இன்னொன்று. பல்லாரி மாவட்டத்தில் அப்போது 533 பள்ளிகள். கன்னடம் 235, தெலுங்கு 226, நம் தமிழுக்கு நான்கு. எல்லாவற்றிலும் சேர்த்து 6,641 பிள்ளைகள். மாவட்டத்தின் மக்கள்தொகையோ பத்து லட்சத்தை நெருங்கியது. ஏன் இவ்வளவு குறைவு என்று அவரே காரணம் தேடுகிறார். பிள்ளைகளின் சோம்பலை அவர் சொல்லவில்லை, பெற்றோரின் அறியாமையைச் சொல்லவில்லை. நாடு படிப்படியாக ஏழையாகிவிட்டது என்கிறார். ஐரோப்பியத் துணி வந்து நெசவு படுத்தது, சம்பளம் கட்ட முடியவில்லை, கை வேலைக்கு ஆகும் வயது வந்ததும் பிள்ளையை எடுத்துவிடுகிறார்கள். கம்பெனி ஆட்சியின் கலெக்டர் கம்பெனி ஆட்சிக்கே எழுதியது இது. உள்ளே வந்தவர்களுக்குச் சரஸ்வதியும் பிரம்பும் இருந்தன. வெளியே நின்றவர்களுக்கு இரண்டாலும் பயனில்லை.

லண்டனிலும் இதே கதைதான், பளபளப்பு மட்டும் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் ஸ்கூல் போர்டு, ஆண்டு முழுவதும் தவறாமல் வந்த பிள்ளைகளுக்கு விக்டோரியா அரசியின் தலை பொறித்த பதக்கம் கொடுத்தது. இன்றும் பழைய நாணயம் விற்பவர்களிடம் அவை கிடைக்கும். அதற்கு முன்பே, 1862இல், பள்ளிக்குக் கிடைக்கும் மானியத்தையே பிள்ளைகளின் வருகையோடும் தேர்ச்சியோடும் அந்நாட்டில் முடிந்து வைத்தார்கள். தேர்ச்சிக்கு மானியம் என்ற அந்த முறை சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகள் வரை வந்தது. பிள்ளையின் தலையை எண்ணிக் காசு கொடுக்க ஆரம்பித்தால் ரிஜிஸ்டரில் தலைகள் கூடும். இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் வருகைக்குப் பரிசு என்பதைப் பெரிய அளவில், கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு, அரசே செய்து பார்த்திருக்கிறது. பலருக்கு அது மறந்துவிட்டது. 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கியது. சமைத்துப் போடுவதுதான் நோக்கம். சமைக்க வசதி வரும்வரை, மாதம் 80 சதவீத நாட்கள் வந்த பிள்ளைக்கு 3 கிலோ தானியம் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று விதி. பல மாநிலங்களில் அந்த 'வரும்வரை' ஆண்டுக்கணக்கில் நீண்டது. தமிழ்நாடு இதில் சேராது. அங்கே 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவிட்டார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்துவிட்டார். 1920லேயே சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயச் செட்டியார் காலத்தில் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். மற்ற பல இடங்களில் பிள்ளைகள் மாதக் கடைசியில் பை கொண்டுபோய் தானியம் வாங்கினார்கள்.

இப்போது ஓர் ஆசிரியையின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை 79 சதவீதம் வந்திருக்கிறது. தங்கச்சிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள் அதிகமாக நின்றுவிட்டது. 3 கிலோ இல்லை என்று அந்த வீட்டுக்கு நீங்கள் எழுதுவீர்களா? நான் எழுத மாட்டேன். மனிதத்தன்மை உள்ள எவரும் எழுத மாட்டார். ஆஜர் போட்டுவிடுவோம். அப்படிப் போட்டால் பரிசுக்கும் வருகைக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. கறாராக எழுதினாலோ, பசி அதிகமுள்ள வீட்டுக்கு அரிசி போகாது. இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்றை அந்த விதி விட்டு வைக்கவில்லை.

2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமைத்த உணவு போட வேண்டும் என்று உத்தரவிட்டது. கர்நாடகம் 2002இல் அட்சர தாசோகம் என்ற மதிய உணவுத் திட்டத்தை ஆரம்பித்தது, முதலில் வடக்கே ஏழு மாவட்டங்களில். அந்த ஏழில் ஒன்று பல்லாரி. மறு ஆண்டு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. மைசூருக்கும் அப்போதுதான்.

தானியம் கொடுப்பதும் சமைத்துப் போடுவதும் ஏறக்குறைய ஒரே அரிசிதான். ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம். ஃபர்சானா அஃப்ரிதி என்ற பொருளாதார அறிஞர், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் இந்த மாற்றம் நடந்தபோது கணக்கெடுத்தார். தானியத்திலிருந்து சமைத்த சாப்பாட்டுக்கு மாறிய பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பெண் குழந்தைகளின் வருகை 12 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது. பையன்களிடம் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. வீட்டில் யாரை நிறுத்துவார்கள், யாரை அனுப்புவார்கள் என்பதை இந்த ஒரு வித்தியாசம் சொல்லிவிடுகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. மாதக் கடைசி அரிசி, வந்ததற்குக் கூலி. மதியம் ஒரு மணிச் சாப்பாடு கூலி அல்ல. அன்றைக்கு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு. நேற்று வந்தாயா என்று தட்டு கேட்பதில்லை. பத்து நாள் வராத பிள்ளை பதினோராம் நாள் வந்தாலும், சாம்பார் ஊற்றும் அம்மா ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்ப்பதில்லை. 2013இல் கர்நாடகம் தொடங்கிய க்ஷீர பாக்யப் பாலும் அப்படியே. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தமிழ்நாடு தொடங்கிய காலை உணவும் அப்படியே. விடுபட்ட பிள்ளை திரும்பி வருவதற்கு ஒவ்வொரு நாளும் கதவு திறந்திருக்கிறது. நூறு சதவீதப் பரிசோ, ஒரு முறை சாத்திவிட்டால் அடுத்த ஜூன் வரை திறக்காத கதவு.

சரி, அந்தக் கதவு யாருக்குச் சாத்தப்படுகிறது?

முதலில் நமக்குத்தான். மைசூர்த் தமிழர்களுக்கு. இங்கே சங்கராந்திக்கு ஒரு நாள் விடுமுறை. நம் பொங்கலோ போகி, பெரும்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல். சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறினால் போய் வர நான்கு நாள். குலதெய்வத்துக்கு ஆடியில் கிடா வெட்டு, காது குத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டிய பிள்ளை அன்று மைசூரில் சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தால் அந்த மாமன் வாழ்நாள் முழுதும் பேசமாட்டார். பாட்டி இறந்தால் பதினாறாம் நாள் வரை எத்தனை போக்குவரத்து! மண்டி மொஹல்லாவில் ஒரு முஸ்லிம் வீட்டில் கேளுங்கள், ரம்ஜானுக்கு அரசாங்கம் தரும் ஒரு நாளில் அவர்கள் பண்டிகை முடிகிறதா என்று. தசராவுக்கு இந்த ஊரே பள்ளியை மூடிக்கொண்டு ஜம்பு சவாரி பார்க்கப் போகிறது. அதை யாரும் ஆப்சென்ட் என்று எழுதுவதில்லை. எந்தப் பண்டிகை காலண்டரில் சிவப்பு மையில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளைக்கு நூறு சதவீதம் கொஞ்சம் சுலபம்.

இதையெல்லாம் பெரிய அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு டிபன் பாக்ஸ் போனால் போகட்டும். அடுத்ததுதான் கனமானது. ஆஸ்துமா உள்ள பிள்ளை மைசூரின் டிசம்பர்க் குளிரில் மாதம் இரண்டு நாள் மூச்சுக்குத் தவிக்கும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மாதத்தில் அந்த நாட்களின் வருகை. கர்நாடகத்தில் 'சுசி' என்ற பெயரில் பள்ளிகளில் நாப்கின் கொடுக்கும் திட்டம் இடையில் சில ஆண்டுகள் நின்று மறுபடி ஓடுகிறது. நின்ற ஆண்டுகளில் வராமல் போன பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைக்காதது அவள் குறையா?

இன்னும் தள்ளிப் போவோம், நம் மாவட்டத்திலேயே. ஹெக்கடதேவனகோட்டை, உன்சூர் பக்கத்தில் ஹாடிகள் என்னும் பழங்குடிக் குடியிருப்புகளில் ஜேனு குருபர்கள் இருக்கிறார்கள். காப்பிப் பழம் சிவக்கும்போது, டிசம்பர் வாக்கில், குடும்பத்தோடு குடகு எஸ்டேட்டுகளுக்குப் பறிக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவது? கூடவே போகும். சில வாரம், சில மாதம். ஆண்டு விழா நடக்கும் அதே பருவம்தான் அது. மேடையில் நாம் நூறு சதவீதத்துக்குக் கை தட்டும் நேரத்தில் அந்தப் பிள்ளை எஸ்டேட் லைனில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும். அவளுக்கு வேண்டியது பருவகால விடுதி, எஸ்டேட் பக்கத்துப் பள்ளியில் கேள்வி கேட்காமல் உட்கார ஓர் இடம். கர்நாடகத்தில் வேலைக்கு இடம்பெயரும் குடும்பங்களுக்காக டென்ட் பள்ளிகள் நடத்திய அனுபவம் கல்வித் துறைக்கு உண்டு. டிபன் பாக்ஸ் அங்கே ஒன்றும் செய்யாது.

பரிசு வேலை செய்யுமா என்று ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 14 பள்ளி மாவட்டங்களில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 15,329 மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. டாட் ராஜர்ஸும் கார்லி ராபின்சனும் சக ஆய்வாளர்களோடு செய்தது. ஒரு மாதம் முழுதும் வந்தால் சான்றிதழ் உண்டு என்று ஒரு பகுதி மாணவர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். வருகையில் எந்த மாற்றமும் இல்லை. இன்னொரு பகுதியினருக்கு, ஏற்கெனவே ஒரு மாதம் முழுதும் வந்ததற்காக, எதிர்பாராமல் சான்றிதழ் அனுப்பினார்கள். அடுத்த மாதம் அவர்கள் போட்ட லீவு சுமார் 8 சதவீதம் கூடியது! ஆய்வாளர்களே எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் பிடிபடுகிறது. நாள்தோறும் வருவது சாதாரண விஷயம் என்று நினைத்திருந்த பையனிடம், நீ எல்லோரையும் விட அதிகமாக வந்துவிட்டாய் என்று கடிதம் போட்டுச் சொல்கிறார்கள். ஓ, இவ்வளவு வர வேண்டியதில்லை போலிருக்கிறதே என்று அவன் புரிந்துகொள்கிறான்.

அமெரிக்கப் பிள்ளைகள் வேறு, நம் பிள்ளைகள் வேறு என்பவர்களுக்கு நம் நாட்டுச் சோதனை ஒன்றும் உண்டு. சுஜாதா விசாரியா, ராஜீவ் தெஹேஜியா முதலியோர் குடிசைப் பகுதிகளில் நடக்கும் முறைசாராப் பள்ளிகளில் செய்து 2016இல் வெளியிட்டது. இத்தனை நாள் வந்தால் பரிசு என்று ஓர் இலக்கு வைத்தார்கள். பரிசு இருந்த காலத்தில் வருகை கூடியது, அதை மறைக்க வேண்டியதில்லை. பரிசை நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். முன்பே ஒழுங்காக வந்தவர்கள் பழையபடி வந்தார்கள். முன்பு அதிகம் வராமல் இருந்த பிள்ளைகளோ பழைய அளவுக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். மதிப்பெண் குறைந்தது. பாடத்தில் ஆர்வமும், தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும்கூடக் குறைந்தன. யாரை இழுத்துவரப் பரிசு வைத்தார்களோ அவர்களையே அது இன்னும் தூரத்துக்குத் தள்ளியது.

என்னிடம் எப்போதும் கேட்கப்படும் எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. 'ஐயா, நாளைக்கு வேலைக்குப் போனால் தினமும் வந்துதானே ஆக வேண்டும்? இப்போதே பழக்க வேண்டாமா?' கேட்பவர்கள் பெரும்பாலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் இருப்பவர்கள், அதாவது சி.எல்., ஈ.எல்., மெடிக்கல் லீவு மூன்றையும் வைத்திருப்பவர்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. சட்டம் அனுமதித்த வயதில் வேலை செய்த சிறுவர்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு நாள். ஆலைச் சட்டம் எழுதியவர்களுக்கே, சின்ன உடம்புக்கு ஓய்வு கூடுதலாக வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. அதே ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம், நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை பணப்பயன் தந்தது. எந்த ஆலைச் சட்டமும் எதிர்பார்க்காததை மூன்றாம் வகுப்பில் எதிர்பார்க்கிறோம்.

ஆலையில் வேறொன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அட்டெண்டன்ஸ் போனஸ். திருப்பூரிலும் பெங்களூரிலும் கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பெண்களுக்கு இந்த வார்த்தை நன்றாகத் தெரியும். மாதத்தில் ஒரு நாள் நின்றால் அந்தத் தொகை போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் தெரிகிறது. அம்மா நின்றால் போனஸ் போகும், பிள்ளை நின்றால் சான்றிதழ் போகும். இரண்டு வருகைப் பரிசுகளும் சேர்ந்து முடிவு செய்கின்றன: ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்து யூனிபார்ம் போட்டு அனுப்பு. பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளை டெஸ்க்கில் தலை சாய்க்கும், பக்கத்துப் பிள்ளை மறுநாள் இருமும். கொரோனாவுக்குப் பிறகும் நோயோடு பள்ளிக்கு வருவதை நாம் மேடையில் ஏற்றிப் பாராட்டுகிறோம் என்பது எனக்கு விளங்காத புதிர்.

நம் ஊர் எழுத்தாளர் ஆர்.கே. நாராயணுக்கு இந்த விஷயத்தில் தனிப் பார்வை இருந்தது. அவர் அப்பா இங்கே மகாராஜா உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். 1935இல் வந்த அவருடைய முதல் நாவலில் சுவாமிநாதன் என்ற பையனுக்குக் கிரிக்கெட் பழக நேரம் வேண்டும், மாலை டிரில் வகுப்பு குறுக்கே நிற்கிறது. டாக்டர் கேசவனிடம் போய் நோய்ச் சான்றிதழ் கேட்கிறான். வியாதியின் பெயர் டெலிரியம் என்று சொல்கிறான்! கடைசியில் அது தலைமையாசிரியரின் பிரம்பில் போய் முடிகிறது, பையன் பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு ஓடுகிறான். அரை மணி நேர விளையாட்டுக்கு அந்தப் பள்ளியில் இடம் இருந்திருந்தால் டெலிரியம் வந்திருக்காது. அதே நாராயண் 1989இல் மாநிலங்களவையில் பேசியபோது எடுத்துக்கொண்டது பிள்ளைகளின் முதுகில் தொங்கும் புத்தக மூட்டையைத்தான். அந்தப் பேச்சு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாகப் பேராசிரியர் யஷ்பால் குழு அமைந்து 1993இல் சுமையில்லாக் கல்வி பற்றி அறிக்கை தந்தது. பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கும் முன், வந்தால் அதற்கு என்ன காத்திருக்கிறது என்று கேட்டவர் நாராயண்.

ஆசிரியர்களின் வருகை பற்றிப் பேசாமல் போனால் பெற்றோர் என்னை விடமாட்டார்கள். பேசுகிறேன், சுருக்கமாக. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், 2003இல் பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்ளோவும் குழுவினரும் ஆசிரியரின் கையில் கேமரா கொடுத்து, நாள் தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளோடு படம் எடுக்கச் சொல்லி, வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம் தந்தார்கள். ஆசிரியர் வராத நாள் பாதியாகக் குறைந்தது. ஆகவே பரிசு பெரியவர்களிடம் வேலை செய்கிறது என்று சிலர் இதைக் காட்டுவார்கள். செய்யட்டும். அது கூலி, செய்யும் வேலைக்கு ஒப்பந்தம். பள்ளிக்குப் போவதா இல்லையா என்பதைத் தன் கையில் வைத்திருக்கும் பெரியவருக்கும், அப்பாவின் பைக், அம்மாவின் உடல்நிலை, பஸ் நேரம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கும் ஒரே மருந்து ஆகாது.

பிறகு வராத பிள்ளையை என்னதான் செய்வது? இந்த மாநிலத்தில் அதற்கு ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. 2013இல் கர்நாடகத்தில் பல்லாயிரம் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்ற செய்தியை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. முன்பு அறுபது நாள் வராவிட்டால்தான் பள்ளி விட்ட பிள்ளை என்று கணக்கு. அதன்பிறகு ஏழு நாள் தகவலின்றி வராவிட்டாலே தேட வேண்டும் என்று ஆனது. அறுபதும் ஏழும் எவ்வளவு வேறு! அறுபது நாளில் ஒரு பெண் பிள்ளைக்குக் கல்யாணமே முடிந்துவிடும். ஏழாம் நாளில் போனால் வீட்டில் இன்னும் பேச ஆள் இருக்கும்.

தேடிப் போவது என்றால் மிரட்டப் போவது அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பிள்ளையின் வருகை, கற்றல் பற்றிப் பெற்றோரைக் கூட்டிப் பேசுவதை ஆசிரியரின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. தனியார் பள்ளிகளுக்கு இதில் இன்னும் சுலபம். பீஸ் கட்ட இரண்டு நாள் தாமதமானால் எஸ்.எம்.எஸ். அனுப்பும் அதே கம்ப்யூட்டர், பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் 'எப்படி இருக்கிறான்?' என்று கேட்டு ஒரு வரி அனுப்பலாம். நோட்டு யாரிடம் பார்த்து எழுதுவது என்று ஒரு தோழனைக் காட்டிவிடலாம். நான் கவனித்தவரை, பத்து நாள் கழித்து வரும் பிள்ளை பயப்படுவது பாடத்துக்கு அல்ல. வாசலில் 'என்ன மகாராஜா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?' என்று வகுப்பே சிரிக்கக் கேட்கும் குரலுக்குத்தான். இங்கே உள்ள ஆசிரியர்கள் அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் போதும், ஒரு பைசா செலவு இல்லை.

ஆண்டு விழாக் குழுவில் இருப்பவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். சான்றிதழ் அச்சடித்தாகிவிட்டது, டிபன் பாக்ஸ் வாங்கியாகிவிட்டது என்று சொல்வீர்கள். டிபன் பாக்ஸை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள், அல்லது திருப்பிக் கொடுத்து அந்தப் பணத்தில் பெண்கள் கழிப்பறைக்கு மூடியுள்ள தொட்டி வாங்குங்கள். நூறு சதவீதம் வந்த அந்த நான்கைந்து பிள்ளைகள் ஏமாந்து போவார்களே என்றால், வகுப்பிலேயே அவர்களை அருகில் அழைத்து, நீ தினமும் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஆசிரியை சொல்லட்டும். மைக் வேண்டாம். அந்த மேடை நேரத்தை, ஜூலையில் அம்மை போட்டுப் படுத்து ஆகஸ்டில் வந்து, விட்டுப்போன பாடத்தையும் படித்துத் தேறிய பிள்ளை ஒரு பாட்டுப் பாடக் கொடுங்கள். அம்மையைப் பற்றி அறிவிக்கக்கூட வேண்டாம், பாடினால் போதும்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறேன். பெற்றோர் கேட்கும் முன், பின்வரிசையில் சிரித்த தம்பிகள் கேட்கட்டும்.